ஒட்டுமா என்று பார்க்க

1

இந்தக் கதை எனக்கு வாசற்படியில் கிடைத்தது. வீட்டு இரும்புக் கதவின் கீல் விட்டுப்போய், அதைப் பற்றவைக்க வந்த வெல்டர் அம்மா, சூடு ஆறும்வரை உட்கார்ந்து சொன்னது. எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"எழுதுங்க சார். எழுதினதை எனக்குப் படிச்சுக் காட்டிடணும்."

சரி என்றேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

(வாசலில் இருக்கும்போது 'அவர்', கதைக்குள் போனதும் 'அவள்'. இதையும் கேட்டுவிட்டேன். "எப்படி வேணா எழுதுங்க, வேலையை மட்டும் தப்பா எழுதாதீங்க" என்றார்.)

2

முதல் தொடக்கம்:

'ஓர் உயிரைப் பலிவாங்கிய லிஃப்ட் கேபிள் அவள் முன்னால் சுருண்டு கிடந்தது. அதன் ஒவ்வொரு கம்பியிலும் —'

போனில் இவ்வளவுதான் படிக்க முடிந்தது.

"யார் சார் செத்தா?"

"யாரும் சாகலை. கதைக்கு ஒரு கனம் வேணுமேன்னு..."

"என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அவர் பார்க்கிற லிஃப்ட்ல ஆள் செத்தாங்கன்னு எழுதினா அவர் பொழப்பு என்னாகும்? கேபிள் பழசாச்சு, கழட்டிட்டுப் புதுசு போட்டாங்க. துண்டு ஒண்ணை வீட்டுக்கு எடுத்துட்டு வந்தார். அவ்வளவுதான்."

இரண்டாவது தொடக்கத்தில், கை முடியாதவள் என்று அவளைக் கேலி செய்த சூப்பர்வைசரின் மேசைமேல், அந்தக் கேபிளிலேயே செய்த கத்தியை ஒருநாள் கொண்டுபோய் வைக்கிறாள்.

"சூப்பர்வைசர் தங்கமான மனுஷன் சார்."

அதையும் அடித்தேன். அப்படியானால் கேபிளில் கத்தி செய்யக் கிளம்பியது எதற்காகத்தான் என்று கேட்டேன்.

"ஒட்டறதுதான் என் வேலை. இப்போ ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துட்டிருக்கேன். ஒட்டுமான்னு பார்க்கணும்னு தோணுச்சு."

3

ஆகவே, நடந்தது நடந்தபடி.

தண்ணீர்த் தொட்டி செய்யும் தொழிற்சாலையில் அவள் வெல்டர். சாரத்திலிருந்து விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, பலம் திரும்பவில்லை. நாள் முழுவதும் வேலை செய்தால் கை நடுங்கும். கருவி கொடுக்கும் கவுன்டருக்கு மாற்றினார்கள். வெளியில் கீல், கைப்பிடி என்று சில்லறை வேலை மட்டும் செய்வாள்.

கேபிளை உலையில் காய்ச்சித் தட்டினால் அத்தனை கம்பியும் ஒன்றாக ஒட்டி ஒரே பட்டையாகும். தேய்த்து அமிலத்தில் நனைத்தால் ஒவ்வொரு கம்பியின் வரியும் அலையலையாகத் தெரியும். அதிலிருந்து கத்தி அறுத்தெடுக்கலாம். இதைப் போனில் ஒரு வீடியோவில் பார்த்திருந்தாள். தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரத்தில் சொன்னபோது சிரித்தார்கள். கரண்ட் இல்லாமல், ராடு இல்லாமல், வெறும் நெருப்பில் இரும்போடு இரும்பு எப்படி ஒட்டும்?

பழைய சிலிண்டரை அறுத்து, உள்ளே தீச்செங்கல் பதித்து, வீட்டுக்குப் பின்னாலிருந்த ஷெட்டில் கேஸ் உலை ஒன்று கட்டினாள். கேபிளைக் காய்ச்சி எடுத்து, வராத இடது கையால் சுத்தியை ஓங்கி ஓங்கிப் போட்டாள். கேபிள் நசுங்கி, முனை அவிழ்ந்து, கம்பி கம்பியாகச் சிலிர்த்துக்கொண்டது.

ஷெட் வாசலில் நாத்தனார் நின்றிருந்தார். கணவனின் அக்கா, பக்கத்து வீடு, இறைச்சிக் கடை வைத்திருப்பவர்.

"என்னம்மா, துடைப்பம் கட்டறியா?"

(நாத்தனார் என்றதும் என் பேனா தானாகவே அவரைக் கொடுமைக்காரி ஆக்கியிருந்தது. "அண்ணி வாய்தான் அப்படி சார்" என்று ஒரு பக்கத்தையே அடிக்கவைத்தார்.)

அவள் அடுத்த துண்டை அளந்தாள். நாத்தனார் போகவில்லை. சுத்தியைக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்தார்.

"நான் அடிக்கறேன். எங்கன்னு நீ சொல்லு. என்மேல கத்தினேன்னா, சுத்தியைப் போட்டுட்டுப் போயிடுவேன்."

4

கேபிளின் நடுவிலிருந்த எண்ணெய் ஊறிய சணலை இந்தத் தடவை உருவிப் போட்டாள். கம்பிகளைக் கழுவி, மறுபடி முறுக்கி, இரண்டு முனையையும் அவிழாதபடி கரண்ட்டில் பற்றவைத்தாள். உலையில் சிவந்ததும் வெங்காரம் தூவினாள். அது உருகி ஓடி, கம்பிகளுக்கு நடுவில் கசடு சேராமல் காக்கும். இன்னும் காய்ந்ததும் வைஸின் இரும்புத் தாடையில் பிடித்து நாத்தனார் முறுக்கினார். மறுபடி உலை. கேபிள் வெளுத்த மஞ்சளாக வெளியே வந்தது. இடுக்கியைப் பிடித்தது அவள். நாத்தனார் கடைப் பழக்கத்தில் ஓங்கி ஒன்று போட்டார். ஓரம் வாயைப் பிளந்தது.

திரும்ப முறுக்கி, திரும்பக் காய்ச்சி, பட்டறைக்கல்லில் வைத்தாள்.

"எலும்பு இல்ல அண்ணி இது. மெதுவா. தூங்கற குழந்தையைத் தட்டிக் கொடுப்போமே, அந்த மாதிரி."

வாயை விட்டுப் போன பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது.

நாத்தனாருக்குப் பிள்ளை இல்லை. இரண்டு தடவை தங்கி, இரண்டு தடவையும் கலைந்தது. அந்த வீட்டில் எல்லோரும் அந்தப் பேச்சைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போகப் பழகியிருந்தார்கள்.

(இங்கே ஒரு பத்தி வைத்திருந்தேன். 'நாத்தனாரின் கண்களில் உலையின் நெருப்பு —' வேண்டாம்.)

"அண்ணி, நான்..."

"இரும்பு ஆறுது," என்றார் நாத்தனார். "எங்க தட்டணும், சொல்லு."

சொன்னாள். நாத்தனார் தட்டினார். அவ்வளவு மெதுவாகத் தட்ட அந்தக் கைக்கு வரும் என்று அவள் நினைத்ததே இல்லை. உருட்டி உருட்டிக் காட்டினாள், சுற்றிவரத் தட்டினார். உலைக்குப் போவதும் கல்லுக்கு வருவதுமாக மதியம் கழிந்தது. பொத்துப் பொத்தென்று கேட்ட சத்தம் மெல்லக் கெட்டிப்பட்டு, ஒரே கட்டி இரும்பின் சத்தமாயிற்று.

"ஒட்டிடுச்சு அண்ணி."

"தெரியுது. ஆட்டாம பிடி."

5

முடிவுக்கு இரண்டு எழுதினேன். ஒன்றில் அவள் மன்னிப்புக் கேட்க, நாத்தனார் கட்டிக்கொள்கிறார். இன்னொன்றில் அந்த வார்த்தைக்காக நாத்தனார் பேச்சை நிறுத்திவிடுகிறார். இரண்டையும் படித்துக் காட்டினேன்.

"ரெண்டும் இல்ல சார். நாங்க அதைப் பத்திப் பேசவே இல்லை."

"அப்புறம் என்னதான் பேசறீங்க?"

"பட்டையைத் தேச்சு அமிலத்துல போட்டோம். வரி அழகா வந்திருக்கு. ஒரு முனையில மட்டும் முடி மாதிரி ஒரு கறுப்புக் கோடு. அந்த இடம் ஒட்டலை. அந்த முனையை வெட்டிட்டு மிச்சத்துல சின்னக் கத்தியா பண்ணிடலாம்கறாங்க அண்ணி. நான் திரும்பக் காய்ச்சிப் பார்க்கலாம்கறேன். காய்ச்சினா நல்லா இருக்கிறதும் விட்டுப்போகும்கறாங்க. தினம் இதே சண்டைதான். முன்னெல்லாம் அண்ணி வாசல்லயே நின்னு பேசிட்டுப் போயிடுவாங்க. இப்போ உள்ள வந்து உட்கார்ந்து சண்டை போடறாங்க."

ஞாயிற்றுக்கிழமை முடிவாகும் என்றார். ஞாயிறு காலை பதினொரு மணிக்குக் கூப்பிட்டேன். நாத்தனார்தான் எடுத்தார்.

"கதை எழுதற தம்பியா? உலை காயுது. அப்புறம் பேசு."

சமையலுக்கு வைத்தாலும் உலைதான், பட்டையைத் திரும்பக் காய்ச்ச ஷெட்டில் மூட்டினாலும் உலைதான். எந்த உலை என்று நான் கேட்பதற்குள் போனை வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. இனி அந்த வீட்டில் எந்த உலை காய்கிறது என்று முடிவு செய்வது, வாசிக்கிற உங்கள் பொறுப்பு.