முப்பத்து நாலு மணி

எண்பத்தைந்து ரூபாய். அங்கன்வாடி டீச்சர் சத்யபிரியா எனக்குத் தர வேண்டிய பாக்கி. முப்பத்து நாலு பாசிமணி, ஒன்று இரண்டரை ரூபாய். ராத்திரி வகுப்பில் எழுத்துக் கற்றபின் நான் எழுதிய முதல் கடிதமே இந்தப் பாக்கிச் சீட்டுதான்.

இலுப்பூர் சந்தையில் மூட்டை தூக்குகிறேன். எங்கள் நரிக்குறவர் குடியிருப்பில் வேறு யாருக்கும் இல்லாத பழக்கம் எங்கள் வீட்டில் உண்டு. மகள் இனியாவுக்குப் பேச்சு தாமதமாகத்தான் வந்தது. அதனால் அவள் எங்கள் பேச்சில் புதிதாக ஒரு சொல் சொன்னால், என் மனைவி ரஞ்சிதா அவள் கழுத்துக் கயிற்றில் ஒரு மணி கோப்பாள். மூன்று வயதில் முப்பத்து நாலு.

அங்கன்வாடியில் சேர்த்த மூன்றாம் நாள் வெறுங்கழுத்தோடு வந்தாள். பிள்ளை மணியை விழுங்கிவிடுமோ என்று பயந்து, டீச்சர் கயிற்றை அறுத்துக் குப்பையில் போட்டுவிட்டாராம். அன்றிலிருந்து இனியா வாய் திறக்கவில்லை. அங்கே போகவும் மறுத்தாள். எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. சொல்லுக்கு என்ன விலை போடுவது? மணிக்குப் போட்டேன். சீட்டை அங்கன்வாடி உதவியாளர் பிரகதாம்பாளிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

பன்னிரண்டு நாள் ஆயிற்று. பணம் வரவில்லை. இனியாவைத் தோளில் தூக்கிக்கொண்டு நானே கேட்கப் போனேன்.

"வாங்க வக்கீலய்யா! எண்பத்தஞ்சு ரூவாய்க்கு நோட்டீசு விட்டவுக" என்றார் பிரகதாம்பாள்.

"பீசு வாங்காம போறதா இல்ல" என்றேன்.

டீச்சர் எழுந்து வந்தார். "அண்ணே, இங்கிட்டு வாங்க."

சுவரில் படங்கள். தண்ணீர், நாய், நிலா என்று வரிசை. ஒவ்வொன்றின் கீழும் தமிழ்ச் சொல். அதற்கும் கீழே இன்னொன்று. எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தேன். பாணி. எங்கள் வீட்டுத் தண்ணீர்! எழுத்தே இல்லாத பேச்சு எங்களுடையது. அது அரசாங்கச் சுவரில் நிமிர்ந்து நின்றது.

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"ரஞ்சிதாக்காதான். பஸ் ஸ்டாண்டுல அவுக மணி விக்கிற எடத்துல தெனமும் போயி நின்னேன். மொத நாளு மொகத்தத் திருப்பிக்கிட்டாக. அப்பறம் ஒரு நாளைக்கு ஒரு சொல்லு."

"கள்ளி! எங்கிட்ட மூச்சு விடலையே."

"கேக்காம அறுத்தது தப்புண்ணே. இப்ப ஆணி அடிச்சு வச்சிருக்கேன். வெளையாடுறப்ப மணிக்கயித்தக் கழட்டி மாட்டிட்டு, போறப்ப போட்டுக்கட்டும்."

அப்போது ஊர்ப் பையன் ஒருவன் டம்ளரை நீட்டினான். "டீச்சர், பாணி!"

இனியா நிமிர்ந்து பார்த்தாள். என் தோளிலிருந்து சரிந்து இறங்கினாள். கடைசிப் படத்துக்குக் கீழே ஒரு வரி காலியாக இருந்தது. படத்தில் அணில். அதில் விரலை வைத்து எங்கள் பேச்சில் உரக்கச் சொன்னாள். அவள் இதுவரை சொல்லாத சொல்.

"அது எனக்குத் தெரியாதே" என்று டீச்சர் பேனாவை என்னிடம் நீட்டினார். "நீங்களே எழுதுங்கண்ணே."

மூட்டை தூக்கிக் காய்த்த கை. நிதானமாக எழுதியது. பிள்ளைகள் அதைக் கூவிப் படித்தார்கள், இனியாதான் எல்லாருக்கும் முன்னால்.

டீச்சர் பணத்தை எடுத்தார். என் சீட்டையும் அதோடு மடித்து வைத்திருந்தார். சீட்டை மட்டும் வாங்கி, அதே பேனாவால் குறுக்கே ஒரு கோடு போட்டேன்.

"பாக்கி தீந்துச்சு டீச்சர்."