ஒருநாள் தாங்கினால் போதும்

அதியமான்கோட்டையில் தன் வீட்டு முன்னறையைக் காவேரி ஸ்டுடியோவாக மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தது. கைக்குழந்தைகளைப் படமெடுப்பதில் அவளுக்கு நல்ல பேர். ஒரே தொல்லை, விளக்கு ஸ்டேண்டுகள். தவழ்கிற குழந்தை நேரே போய் ஸ்டேண்டின் காலைத்தான் பிடிக்கும். இல்லையென்றால் ஒயரை வாயில் வைக்கும். விளக்குகளை மேலே தொங்கவிட்டுவிட்டால் தரை காலியாகிவிடும் என்று எலக்ட்ரீஷியன் கலைமணியைக் கூப்பிட்டாள்.

கலைமணி ஏணியில் ஏறி டிரில்லை மேல்தளத்தில் வைத்ததும் துளையிலிருந்து காங்கிரீட் மாவு மாதிரி கொட்டியது. மெஷினை நிறுத்திவிட்டார்.

"இங்க முன்னாடி ஒழுகுச்சாம்மா?"

"ஆமாண்ணா. போன வருசந்தான் மாடியில ஓடு பதிச்சோம்."

"உள்ள கம்பி துருப்புடிச்சிக் கெடக்குது. பிளாஸ்டிக் பிளக் வச்சி ஸ்குரூ முடுக்குனா புடிப்பு இருக்காது. மாடியிலருந்து ஓட்டை போட்டு, மேல தகடு வச்சி போல்ட்டு எறக்கணும். செவ்வாக்கெழம வந்து பண்ணித் தரேன்."

புதிதாக ஓடு பதித்த மாடியில் ஓட்டையா என்று காவேரியின் கணவன் கதிரவன் முகத்தைச் சுளித்தான். காவேரிக்கோ ஞாயிற்றுக்கிழமையே வேலை இருந்தது. அடுத்த தெரு யுவராணியின் பெண்குழந்தைக்கு முதல் பிறந்தநாள் படம்.

"இப்போதைக்கு பிளக்கே வச்சி மாட்டுங்கண்ணா. ஒருநாள் தாங்குனா போதும்."

கலைமணி மனசில்லாமல்தான் விளக்குகளைத் தொங்கவிட ஓர் இரும்புக் குழாயை நான்கு ஸ்குரூவில் மாட்டினார். இறங்கி வந்து இரண்டு தடவை சொன்னார். "சின்ன லைட்டு ரெண்டு மட்டும் மாட்டுங்க. அந்தப் பெரிய பெட்டி லைட்டு வேணாம்."

சின்ன விளக்கில் நிழல் கறுப்பாக விழுந்தது. குழந்தை முகத்துக்கு அது ஆகாது. ஞாயிற்றுக்கிழமை காலை காவேரி அவற்றைக் கழற்றிவிட்டு, துணி மூடிய பெரிய பெட்டி விளக்கையே மாட்டினாள். குழாயைப் பிடித்து ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை.

யுவராணி குழந்தையைக் கொண்டுவந்து விரிப்பில் உட்கார வைத்தாள். காவேரி இருபது படம் எடுத்திருப்பாள். வெள்ளை விரிப்பில் ஒரு சிட்டிகை மண் கிடந்தது. காவேரி அண்ணாந்து பார்த்தாள். குழாய் இருந்த இடத்திலேயே இருந்தது. குழந்தை அப்போதுதான் சிரிக்கத் தொடங்கியிருந்தது. மண்ணைப் புறங்கையால் தட்டிவிட்டுத் திரும்பப் போய்க் கேமராவைக் கண்ணில் வைத்தாள்.

தளம் பெயர்கிற சத்தம் கேட்டதும் யுவராணி பாய்ந்து குழந்தையைத் தன் அடியில் இழுத்துக்கொண்டாள். இழுத்தவள் என்னவென்று ஒரு கணம் மேலே பார்த்தாள். விளக்கின் இரும்புச் சட்டம் அவள் முகத்தில் இறங்கியது.

குழந்தைக்கு ஒரு கீறல் இல்லை. யுவராணியின் இடது கண் போய்விட்டது.

சேலத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவில் யுவராணியின் கணவன் குரு கேட்டான். "யாரு மாட்டுனது அத?"

காவேரி வாயைத் திறப்பதற்குள் கதிரவன் முந்திக்கொண்டான். "எலக்ட்ரீஷியன் கலைமணி. அரைகுறை வேல."

காவேரி தரையைப் பார்த்தாள். மாட்டியது அவர்தானே, பொய் ஒன்றும் இல்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் ஹைவே ஓரத்து டீக்கடையில் ஃபேன் மாட்டிக்கொண்டிருந்த கலைமணியை, குருவும் உறவுக்காரர் இரண்டு பேரும் ஏணியோடு இழுத்துத் தள்ளினார்கள். விழுந்தவரை மிதித்தார்கள். "பெரிய லைட்டு வேணாம்னு சொன்னேங்க, சொன்னேங்க" என்று அவர் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. வலது மணிக்கட்டு உடைந்தது.

நாலாம் நாள் கலைமணியின் மனைவி செல்லி காவேரி வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அவரு என்னா சொன்னாருன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும்மா. கேஸு அவரு மேல எழுதறாங்க."

"அதெல்லாம் ஸ்டேஷன்ல பேசிக்கலாம், போம்மா" என்று கதிரவன் கதவைச் சாத்தினான். பிறகு காவேரியிடம் திரும்பினான். "நீ வாயத் தொறந்தா உன்னத்தான் உள்ள வைப்பாங்க. நம்ம புள்ளைங்கள யாரு பாக்கறது?"

காவேரி அன்று பேசவில்லை. அதற்குப் பிறகும் ஐந்து நாள் பேசவில்லை. தட்டில் போட்ட சோறு அப்படியே இருக்கும். பிள்ளைகள் கூப்பிட்டால் இரண்டாம் தடவைதான் திரும்புவாள்.

யுவராணியை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் கதிரவனிடம் சொல்லாமல் கிளம்பிப் போனாள். குரு நாற்காலி எடுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை. கலைமணி செவ்வாய்க்கிழமை வரை பொறுக்கச் சொன்னது, பெரிய விளக்கு வேண்டாமென்றது, விரிப்பில் மண் விழுந்தது என எல்லாவற்றையும் நின்றபடியே சொல்லி முடித்தாள்.

குரு சுவரில் சாய்ந்துகொண்டான். "ஒரு மனுசன் கைய ஒடச்சிட்டு வந்து நிக்கறனே" என்றான்.

யுவராணி கட்டுப் போடாத கண்ணால் காவேரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மண்ண நீங்க தட்டுனத நானும் பாத்தேங்க்கா. பாப்பா எடுத்து வாயில போட்டுக்கும்னுதான் தட்டுறீங்கன்னு நெனச்சேன். போயிடுங்க. இனிமே இந்தப் பக்கம் வராதீங்க" என்றாள்.

அங்கிருந்து காவேரி நேரே கலைமணி வீட்டுக்குப் போனாள். மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்தபடி அவர் எல்லாவற்றையும் கேட்டார்.

"என்னய நாலு பேரு பாக்க அடிச்சாங்க. என் வூட்டுக்குள்ள வந்து சொல்லி என்னா ஆவுது? அந்தக் கடையில போய்ச் சொல்லுங்க."

போனாள். முதல் தடவை குரல் எழும்பவில்லை. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் "என்னாங்க?" என்று கேட்டார். இரண்டாம் தடவை உரக்கச் சொன்னாள். கடையில் இருந்த ஒருவர் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனார். அதையே ஸ்டேஷனிலும் எழுதிக் கொடுத்தாள். வழக்கில் கலைமணி பெயர் போய் அவள் பெயர் ஏறியது.

கலைமணியின் எலும்பு கூடிவிட்டது. ஆனால் ஸ்குரூ முடுக்குகிற அளவுக்கு மணிக்கட்டு திரும்பவில்லை. தை பிறந்ததும் அவரும் செல்லியும் ஓசூர்ப் பக்கம் வாட்ச்மேன் வேலைக்குப் போய்விட்டார்கள். போகிற அன்று குரு பஸ் ஸ்டாண்டு வரை போய்க் காலில் விழப் பார்த்தானாம். கலைமணி முகத்தைத் திருப்பிக்கொண்டாராம்.

கோர்ட்டுத் தேதிகளுக்குக் காவேரி தனியாகத்தான் போய் வருகிறாள். கதிரவன் வருவதில்லை. பெயரைக் கூப்பிடுகிறவரை வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறாள். கூப்பிட்டதும் எழுந்து உள்ளே போகிறாள்.