அமைச்சரின் குரல்

நீதிமன்றத் தாழ்வாரத்தில் தம்பி மறுபடியும் தண்ணீர் குடித்தான். கல்யாண மேடைகளில் அமைச்சரைப் போலப் பேசிக் குடும்பம் நடத்துபவன். முதலில் அந்த நீண்ட இருமல், பிறகு வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்கிவிடும் இழுவை. ஒருமுறை போனில் அந்தக் குரலில் கூப்பிட்டபோது, வக்கீலான அக்காவே நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுதான் பதில் சொன்னாள்.

பதவியிலிருப்பவர்களின் குரலில், அசல் என்று நம்பும்படி யார் பேசினாலும் சிறை என்றது புதிய மசோதா. சட்டமாவதற்குள் தடுக்க வேண்டும் என்று அக்கா வழக்குப் போட்டாள். பாதிக்கப்படப்போகிற ஒருவர் முன்னால் நிற்க வேண்டியிருந்தது. மற்ற மிமிக்ரிக்காரர்கள் நழுவிவிட, தம்பிதான் மனுதாரரானான். "ஜெயிச்சா உங்க அக்கா பேரு பேப்பர்ல வரும், தோத்தா உங்க பேரு ஸ்டேஷன்ல வரும்" என்று தம்பி மனைவி காலையில் அக்காவின் காதுபடவே சொல்லியிருந்தாள்.

இவர் பேசுவது வெறும் வேடிக்கை, யாரும் ஏமாற மாட்டார்கள், எனவே சட்டம் இவரைத் தொடாது என்றார் அரசு வக்கீல். அசலையே தோற்கடிக்கும் குரல் என்றாள் அக்கா. அதில் ஒரு பெருமை இருந்ததை அவளே உணர்ந்தாள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்படியா? எங்க, கொஞ்சம் பேசிக் காட்டுங்க."

அவனைக் கேட்பார்கள் என்று அவள் நினைத்தே பார்க்கவில்லை. தம்பி இருமினான். அது அவனுடைய சொந்த இருமல். பாடம் ஒப்பிப்பது போல நாலு வரி பேசினான். அறை சிரித்தது. நீதிபதியும் சிரித்துவிட்டு, மனுதாரருக்கு இந்த மசோதாவால் எந்த ஆபத்தும் இல்லை என்று மனுவைத் தள்ளுபடி செய்தார்.

இருவரும் வெளிவாசலுக்கு வந்தார்கள்.

"என்னடா ஆச்சு?"

"கடைசி வரிசையில ஒரு போலீஸ்காரர் என் வாயையே பாத்து எழுதிக்கிட்டிருந்தாருக்கா."

அவளும் அந்த ஆளைப் பார்த்திருந்தாள். பார்த்தும், அவனை உட்காரச் சொல்லத் தோன்றவில்லை. அந்த நேரத்தில் அவளுக்கு அவன் தம்பியாகத் தெரியவில்லை, வழக்காகத் தெரிந்தான்.

சின்ன வயதிலிருந்தே அவனுக்குச் சொந்தக் குரலில் மன்னிப்புக் கேட்க வராது. வாத்தியார் குரலிலோ அப்பா குரலிலோதான் கேட்பான். இப்போது தலையைக் குனிந்துகொண்டு இருமினான், நீளமாக.

"தவறு என்னுடையதுதான். மன்னிக்க வேணும், அக்..."

வாசல் காவலர் ஸ்டூலிலிருந்து துள்ளி எழுந்தார். தொப்பியை அழுத்திக்கொண்டு, காரைத் தேடித் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். சல்யூட்டுக்கு உயர்ந்த கை யாருக்கென்று தெரியாமல் பாதியில் நின்றது.