கோணக்கால் ராவித்

தெஜோ அந்தப் பச்சோந்திக் குஞ்சை வாலைப் பிடித்துத் தூக்கி, தான் ஆசைக்கு வளர்க்கும் மலைப்பாம்பின் பெட்டிக்கு நேர்மேலே கொண்டுபோனபோது, முர்வானி கையிலிருந்த முறத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள். ஓடிவந்தாள் என்பது ஒரு பேச்சுக்குத்தான். பிறவியிலேயே இடது கால் வளைந்தவள், வயிற்றில் வேறு ஐந்து மாதம். ஆனாலும் தெஜோ விரலை விடுவதற்குள் அவள் கை குஞ்சுக்குக் கீழே வந்துவிட்டது.

"குடுங்க மாஸ் அத."

தெஜோ அவள் கணவன் சுதரின் அண்ணன். ஊரே அவனை 'மாஸ் தெஜோ' என்றுதான் கூப்பிடும். அண்ணன் என்ற மரியாதை அதில் பாதி, பாட்டுப் பறவைப் போட்டிகளில் அவன் வாங்கிவந்த கோப்பைகளுக்கான மரியாதை மீதி.

"குடுத்து என்ன பண்ணப் போறே? காலப் பாரு, நாலும் நாலு திசைக்குப் போவுது. கூடப் பொறந்ததெல்லாம் கொழுகொழுன்னு நிக்குது, இது மட்டும் எலிக்குஞ்சாட்டம். பாம்பாவது ஒரு வாய் சாப்பிடட்டும்."

"கால் கோணினதெல்லாம் பாம்புக்குன்னா, என்னை எதுக்கு இத்தன வருஷம் வீட்ல வெச்சிருக்கீங்க? பெட்டி பெருசாத்தான் இருக்கு. தூக்கிப் போடுங்க என்னையும்."

தெஜோவுக்கு முகம் செத்துவிட்டது. பின்னால் கூண்டைக் கழுவிக்கொண்டிருந்த சுதர், கீழே எதையோ தொலைத்துவிட்டவன்போலத் தரையைப் பார்த்தான். அண்ணன் ஒருபக்கம், பெண்டாட்டி ஒருபக்கம் என்றால் அந்த மனுஷனுக்குத் தரைதான் கதி.

குஞ்சு முர்வானியின் உள்ளங்கையில் விழுந்தது. வேலிக்கு அந்தப்பக்கமிருந்து பைனெம் சித்தி அலறிவிட்டாள்.

"அமித்-அமித் ஜபாங் பாயி! அடியே, வயித்தத் தட்டிக்கோடி! கோணக்காலப் பாத்துட்டியே, தட்டிக்கோடி!"

பிள்ளைத்தாய்ச்சி கண்ணில் கோணலானது எது பட்டாலும் இந்த வார்த்தையைச் சொல்லி வயிற்றைத் தட்டிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கோணல் பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும். மெர்பாபு மலையடிவாரத்தில் இதற்கு மறுபேச்சே கிடையாது. முர்வானியின் அம்மாவும் அப்படித்தான், கர்ப்பத்தில் கால் ஒடிந்த வாத்து ஒன்று தத்தித் தத்திப் போவதைப் பார்த்துச் சிரித்தாளாம், வயிற்றைத் தட்ட மறந்தாளாம். பெண் வளைந்த காலோடு பிறந்தாள். அதன்பிறகு அந்த அம்மா சாகும்வரைக்கும் அந்த வாத்தை மறக்கவில்லை. மகளுக்கு எண்ணெய் தேய்க்கும்போதெல்லாம் "என்னை மன்னிச்சிரு நெந்துக், என் பொண்ணே" என்று அழுவாள். ஒரு சிரிப்புக்காக ஒரு ஆயுள் முழுக்க மன்னிப்பு! அதை நினைத்தாலே முர்வானிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அவள் வயிற்றைத் தட்டவில்லை. கையைத் தூக்கிக் குஞ்சைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, நாலு காலையும் ஒவ்வொன்றாக, சித்திக்கு நன்றாகத் தெரியும்படி, பார்த்தாள். குஞ்சும் ஒரு கண்ணால் அவளையும் இன்னொரு கண்ணால் சித்தியையும் பார்த்தது.

"பாத்துட்டேன் சித்தி. போதுமா, இன்னும் பாக்கணுமா?"

அதற்கு ராவித் என்று பெயர் வைத்தாள். கொல்லையில் காய்க்கும் சின்ன மிளகாயின் பெயர் அது. பார்க்கத்தான் துளியூண்டு, கடித்தால் தெரியும்.

தெஜோ கெட்டவன் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அவனுக்குத் தெரிந்தவை இரண்டே தொழில்: மிளகாய் நாற்று வளர்ப்பது, பறவை வளர்ப்பது. பச்சோந்தி முட்டைகள் பொரிந்ததும் இரண்டையும் சேர்த்துக் கலந்துவிட்டான். மலைக்குளிரும் பனியும் படக்கூடாது என்று நாற்றுக்குப் போடுவதுபோலவே பளபளவென்று பிளாஸ்டிக் கூரை, பக்கமெல்லாம் பிளாஸ்டிக் சுவர். உள்ளே பறவைக் கூண்டுகள், அதே துணிமூடி, அதே தண்ணீர்க் கிண்ணம். காலையில் துணியை விலக்கி, பறவையை வெயில் காயவைப்பதுபோலக் கூரைக்கடியில் காயவைப்பான். பிறகு தீனி. அடேயப்பா, என்ன தீனி! தொண்டை புடைக்கிற வரைக்கும் சில்வண்டு. ஆகஸ்ட் சுதந்திர தினச் சந்தையில் குட்டிப் பச்சோந்திப் போட்டி வருகிறது. பெரிய குட்டிக்குத்தான் கோப்பை. குஞ்சுகளில் பெரிய ஒன்றுக்கு இப்போதே 'சுல்தான்' என்று பெயரும் வைத்தாகிவிட்டது.

"அந்தக் கோணக்கால் என் கூரைக்குள்ள வரக்கூடாது. பாக்க வர்றவன் என்ன நெனப்பான்?" என்று தெஜோ கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.

"உங்க கூரை யாருக்கு வேணும்?" என்றாள் முர்வானி.

கொல்லையில் கிணற்றடியில் ஒரு செம்பருத்திச் செடி. பூனையும் கொண்டலாத்தியும் வராமலிருக்க அதைச் சுற்றிக் கொசுவலையைக் கட்டினாள். எந்தக் கொசுவலை? பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று சுதர் சலாத்திகா டவுனுக்குப் போய் வாங்கிவந்த புதுக் கொசுவலை.

"பிள்ளையோட வலைய ஓணானுக்குக் கட்டிட்டாளே!" என்று பைனெம் சித்தி தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"ஓணான் இல்ல சித்தி, பச்சோந்தி."

"எதுவா இருந்தா என்னடி, கோணல் கோணல்தானே?"

"ஆமா, எனக்கும் கோணல்தான். என்கிட்ட வந்து உப்புக் கடன் வாங்கும்போது மட்டும் நேராத் தெரியுதா?"

சித்தி அன்று உப்பு கேட்க வரவில்லை. மறுநாள் வந்தாள்.

முர்வானி கைப்பேசியில் பச்சோந்தி வளர்ப்பவர்கள் கூடிப்பேசும் குழுவில் சேர்ந்து, கேட்டுக் கேட்டுத்தான் எல்லாம் செய்தாள். ராவித் கிண்ணத்தில் குடிக்காது. இலையில் தொங்கும் சொட்டைத்தான் நக்கும். அதனால் காலையில் செடிமேல் பன்னீர் தெளிப்பதுபோலத் தண்ணீர் தெளித்தாள். அதன் இரண்டு கண்ணுக்கும் நடுவிலுள்ள அகலத்தைவிடப் பெரிய பூச்சியைக் கொடுக்கக்கூடாது என்றார்கள்; அழுகின பப்பாளியை வைத்து ஈ வரவழைத்தாள், பொடிப்பொடிச் சில்வண்டாகப் பொறுக்கினாள். எலும்புக்கு வலு என்று பறவைக்கூண்டில் செருகிவைக்கும் கணவாய் மீனின் ஓட்டைச் சுரண்டி அந்தப் பொடியில் பூச்சிகளைப் புரட்டிப் போட்டாள். வெயில் ஏறினால் ராவித்தே இலைக்கடியில் நகர்ந்துகொள்ளும். தினமும் பாத்திரம் கழுவும் முன் ஸ்டூலைப் போட்டு அதன் எதிரே உட்கார்ந்து, பார்ப்பதையே ஒரு வேலையாகப் பார்த்தாள்.

பயமே இல்லை என்று சொன்னால் அது பொய். வயிற்றில் பிள்ளை உதைக்கும்போதெல்லாம் ஒரு கால்தான் உதைக்கிறதா, இரண்டுமா என்று மனசு கணக்குப் பார்க்கும். கை தானாக வயிற்றைத் தட்ட எழும். அப்போதெல்லாம் அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொள்வாள். ராவித் செத்துப்போனால் ஊர் சொன்னதெல்லாம் சரியாகிவிடும், அம்மா அழுததும் சரியாகிவிடும். சாகவிடமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஈ பிடித்தாள்.

ராவித் பெரிதாகவில்லை. ஆனால் ஒருநாள் அவள் விரலைக் கவ்விப் பிடித்தது. அதற்கு முன்பெல்லாம் விரல்மேல் துவண்டு ஒட்டிக்கிடக்கும், அவ்வளவுதான். இப்போது இழுத்தால் விடவில்லை. இன்னும் சில நாளில் ஒரு சாண் தள்ளியிருந்த ஈயை நாக்கை வீசி அடித்தது. முன்பு பக்கத்திலிருப்பதற்கே எட்டாது. வளைந்த கால் வளைந்தபடிதான். ஆனால் அந்த வளைவு கெட்டிப்பட்டுவிட்டது.

அதேநேரம் கூரைக்கடியில் சுல்தான் கிளையில் நிற்காமல் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு கிடப்பதை அவள் பார்த்தாள். அந்தக் கிடை அவளுக்குத் தெரியும். ராவித் முதலில் கிடந்த கிடை. குழுவில் கேட்டதும் பதில் வந்துவிட்டது. நேரே தெஜோவிடம் போனாள்.

"மாஸ், பிளாஸ்டிக் வழியா வெளிச்சம் வருது, சூடு வருது. ஆனா எலும்ப கெட்டியாக்குற சங்கதி வெயில்ல ஒண்ணு இருக்காம், அத பிளாஸ்டிக் உள்ள விடாதாம். அது இல்லாம தீனிய மட்டும் ஏத்தினா உடம்பு வளரும், எலும்பு வளராது. கூரையப் பிரிச்சிருங்க."

"இருவது வருஷமா வெயில் காட்டுறேன் நான். நேத்து ஒரு ஓணானக் கையில எடுத்த, இன்னிக்கு எனக்குப் பாடம் எடுக்கிறியா?"

"உங்க பறவையெல்லாம் வாசல்ல வெறும் வெயில்ல காயுது. இதுங்க மட்டும் மூடிக்குள்ள."

"போ, போய் உன் கோணக்கால கொஞ்சு. வயித்துல பிள்ளைய வெச்சுக்கிட்டு வாயப் பாரு வாய!"

சுதர் வழக்கம்போலத் தரையைப் பார்த்தான். முர்வானி அவனையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தாள்.

சந்தையன்று ஊரே தேசியக் கொடியின் சிவப்பும் வெள்ளையுமாக இருந்தது. வழுக்குமரம் ஏறுகிறவர்கள் ஒருபக்கம், கயிற்றில் தொங்கும் அப்பளத்தைக் கைபடாமல் கடிக்கிறவர்கள் ஒருபக்கம். எட்டு மாத வயிற்றோடு முர்வானி போகவில்லை. மத்தியானத்துக்கு முன்பே தெஜோ திரும்பிவந்தான். கூண்டைத் துணி போட்டு மூடியிருந்தது. மற்றக் கூண்டுகளைக் கூரைக்கடியில் இறக்கிவைத்துவிட்டுப் பின்னால் சுதர் வந்தான், அவனுக்குப் பின்னால் வேடிக்கை பார்க்கிற பாதித் தெரு.

"என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

சுதர்தான் சொன்னான். "நடுவர் குச்சியில நடக்கவிடச் சொன்னாரு. அண்ணன் சுல்தானக் கிளையிலேருந்து எடுத்தாரு. சும்மா, பறவைய எடுக்குற மாதிரித்தான் எடுத்தாரு. முன்னங்கால் ரெண்டும் படக்குனு ஒடிஞ்சு போச்சு. அங்கயே மத்ததையும் பாத்தாங்க. எல்லாத்துக்கும் எலும்பு ரப்பர் மாதிரி இருக்காம்."

தெஜோ துணியை எடுத்தான். கை நிறையத் தளதளவென்று வளர்ந்த சுல்தான், வாழைத்தோல்போலக் கூண்டின் அடியில் கிடந்தது. அவன் அதை வெளியே எடுத்து மலைப்பாம்புப் பெட்டியைப் பார்த்து நடந்தான். எல்லார் முன்னாலும் தலை குனிந்தாயிற்று, சொன்ன சொல்லையாவது காப்பாற்றுவோம் என்று நினைத்தானோ என்னவோ. கண்ணில் தண்ணீர் நின்றது.

முர்வானி பெட்டிக்கு முன்னால் போய் நின்றாள். வயிறே ஒரு கதவுபோல அடைத்துக்கொண்டது.

"தள்ளு முர்வானி. கோணல் எதுவும் நிக்கக்கூடாதுன்னு நான்தானே சொன்னேன்? எனக்கொரு நியாயம், உனக்கொரு நியாயமா?"

"உங்க நியாயமே தப்பு. அன்னிக்கும் தப்பு, இன்னிக்கும் தப்பு. அது கோணலாப் பொறக்கல மாஸ், நாம கோணலாக்கினோம். சரிபண்ண வேண்டியதும் நாமதான். அத சுதர்கிட்ட குடுங்க."

அவள் சுவரில் செருகியிருந்த அரிவாளை எடுத்தாள். கூட்டம் ஒரு அடி பின்வாங்கியது. முர்வானி யாரையும் பார்க்கவில்லை. பிளாஸ்டிக் கூரைமேல் சாத்தியிருந்த மூங்கில் ஏணியில் நேராகக் கால் வைத்தாள். முதலில் நல்ல கால், பிறகு கோணக்கால்.

"அமித்-அமித்! ஐயையோ, யாராவது அவள இறக்குங்களேன்! புள்ளத்தாய்ச்சிடி நீ! அமித்-அமித் ஜபாங் பாயி!" பைனெம் சித்தி முர்வானியின் வயிற்றைத் தட்ட முடியாமல் தன் வயிற்றையே படபடவென்று தட்டிக்கொண்டாள்.

ஏணி ஆடியது. மூன்றாவது படியில் இறங்கிவிடலாமா என்றுகூட அவளுக்குத் தோன்றியது. சட்டென்று ஆட்டம் நின்றது. கீழே பார்த்தாள். ஏணியின் ஒரு காலைத் தெஜோ கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான். இன்னொரு காலைச் சுதர் ஒரு கையால் பிடித்திருந்தான், அடுத்த கையில் சுல்தான். அவன் முதல் தடவையாகத் தரையைப் பார்க்காமல் அவளைப் பார்த்தான்.

"அறு," என்றான் சுதர்.

அவள் அரிவாளை வீசினாள். பிளாஸ்டிக் நீளமாகக் கிழிந்து தொங்கியது. அவள் இறங்கியதும் தெஜோவே ஏறி மிச்சத்தை உரித்துப்போட்டான். கூண்டுகளின் துணியையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தான். மலை வெயில் கொட்டுகிறமாதிரி உள்ளே இறங்கியது. கிடந்த குட்டிகளெல்லாம் ஒரு பக்கமாக உடம்பைத் திருப்பிக் கறுத்து, வெயிலைக் குடிக்க ஆரம்பித்தன.

சுல்தானுக்கு மருத்துவர் காலில் கட்டுப் போட்டார். இனி நேராகாது என்றார். நேராக வேண்டாம், நின்றால் போதும் என்றாள் முர்வானி. கணவாய் ஓட்டுப் பொடி தெஜோவின் கூண்டுகளுக்கும் போக ஆரம்பித்தது.

செப்டம்பரில் முர்வானிக்குப் பெண் பிறந்தது. சேதி கேட்டதும் பைனெம் சித்திதான் முதலில் ஓடிவந்தாள். வந்தவள் தொட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்ததும், கை நேரே துணியின் கீழ்ப்பக்கத்துக்குப் போனது, கால் இருக்கும் பக்கத்துக்கு. பின்னால் இன்னும் மூன்று பெண்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

முர்வானி படுத்தபடியே சித்தியின் மணிக்கட்டைப் பிடித்தாள். துணியை இழுத்துச் சுற்றிவிட்டாள்.

"மொதல்ல மூஞ்சியப் பாருங்க சித்தி."

"இல்லடி, நான் சும்மா..."

"காலு எங்கயும் ஓடிப்போகாது. எப்படி இருந்தாலும் அத அவளே நடந்து காட்டுவா, அன்னிக்கு எல்லாரும் வந்து பாருங்க. இப்ப மூஞ்சி."

ஜன்னலுக்கு வெளியே கிணற்றடிச் செம்பருத்தியில் ராவித் தன் கோணக்காலால் ஒரு கிளையை இறுக்கிப் பிடித்து, அடுத்த கிளைக்கு ஏறிக்கொண்டிருந்தது. சித்தி கையை இழுத்துக்கொண்டு குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, மூக்கு அப்படியே சுதர் மூக்கு என்றாள்.