கார் எழுதிய பரீட்சை

சிர்வார்த் இறந்து நாலு மாதம் கழித்து, அவளுடைய காரை விற்க அவள் புருஷன் கார்பிஸ் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டார் என்பதைவிட, வேண்டாம் என்று சொல்லத் தெம்பில்லை என்பதே சரி. வாங்க ஆள் பார்த்தது மகள் தாலின். இந்த மாதக் கடைசி வெள்ளிக்குள் புகைச் சான்றிதழ் வாங்கிவிட்டால் விற்பனை. இல்லாவிட்டால் மறுநாளே வண்டியை நசுக்குகிற யார்டுக்கு அனுப்பிவிடுவதாகக் கறாராகச் சொல்லிவிட்டாள். மனைவியின் அடக்கத்தில்கூட அழாத மனுஷனுக்கு அந்த ஒன்றுதான் பொறுக்கவில்லை. அவள் ஓட்டிய வண்டி தகடாகக் கூடாது.

ஃப்ரெஸ்னோவில் புகைச் சோதனைக் கடை வைத்திருக்கும் நாச்சோ, கம்பியைச் சொருகிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"வண்டியில கோளாறு இல்ல சார். புது பேட்டரி போட்டீங்கல்ல, வண்டியோட கம்ப்யூட்டர்ல இருந்த பழசெல்லாம் அழிஞ்சுபோச்சு. அது தன்னைத்தானே சோதிச்சு முடிச்சாதான் நான் சான்றிதழ் குடுக்க முடியும். நீங்க ஓட்டிக்கிட்டே இருங்க."

ஓட்டும் விதத்தையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தான். எஞ்சின் ராத்திரி முழுக்க ஆறியிருக்க வேண்டும். கிளப்பி இரண்டு நிமிடம் சும்மா நிற்க வேண்டும். தொண்ணூற்றொன்பதாம் நெடுஞ்சாலையில் ஐம்பத்தைந்து மைல் வேகம், கூடாமல் குறையாமல். பிறகு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, பிரேக் தொடாமல், வேகத்தை இருபது வரை தானாகத் தேய விட வேண்டும்.

கார்பிஸ் அப்படியே செய்தார். விடிந்ததும் ஒரு லவாஷ் ரொட்டியில் பாலாடைக்கட்டியைச் சுருட்டி, நின்றபடியே தின்றுவிட்டுக் கிளம்புவார். பாதாம் தோப்புகள் பூத்துக் கிடந்தன. அவருக்கு அது பூவும் இல்லை, மரமும் இல்லை. நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் சாலையில் வண்டியின் வேகம் தேயும்போது பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனாலேயே வைதான். ஒருவன் பக்கத்தில் வந்து கண்ணாடியை இறக்கி, "தாத்தா, தூக்கமா?" என்று கத்தினான். இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோபம் வரும் இடத்தில் ஒன்றுமே இல்லை.

பதினோரு நாள் இப்படி ஓடியது. அந்தப் புதன்கிழமை மூன்றாம் முறையாகக் கடைக்குப் போனார். மறுபடியும் 'தயாரில்லை'.

நாச்சோ தலையைச் சொறிந்தான். "விசித்திரமா இருக்கே! ஓட்டி முடிச்சு வீட்டுக்குப் போனா என்ன பண்றீங்க?"

"என்ன பண்றது. பேட்டரி வயரைக் கழட்டி வச்சிருவேன். சும்மா நிக்கிற வண்டி, பேட்டரி செத்துடக் கூடாதுல்ல."

"தினமுமா?"

"தினமும்."

நாச்சோ துணியைத் தூக்கி மேசையில் எறிந்தான். "அட கடவுளே! வயரைக் கழட்டினா அது படிச்சதெல்லாம் போச்சு சார். தினம் பரீட்சை எழுத வச்சு, தினம் பேப்பரைக் கிழிச்சிருக்கீங்க! முதல் நாளே சொன்னேனே?"

சொன்னான்தான். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. அந்த நாலு மாதமாக எதுதான் ஏறியது?

வயரைத் தொடாமல் வியாழன் ஓட்டினார், வெள்ளி ஓட்டினார். வெள்ளி மத்தியானம் வண்டி தேறிவிட்டது. நாச்சோ அவர் முதுகில் தட்டி, சான்றிதழை நீட்டினான். சந்தோஷப்பட வேண்டும் என்று கார்பிஸுக்குத் தெரிந்தது. வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

சாயங்காலம், காரை வாங்கப்போகும் லாவெல் வந்தான். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, நல்ல உயரம், நல்ல சிரிப்பு. சாவியை வாங்கிக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் உட்காரப் போனவன் முட்டியை ஸ்டியரிங்கில் இடித்துக்கொண்டான்.

"அம்மாடி! சார், நீங்க என்னையும்விட உயரமாச்சே. இந்த சீட்டுல எப்படி உட்கார்ந்து ஓட்டுனீங்க?"

கார்பிஸுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. சிர்வார்த் ஐந்தடிகூட இல்லை. அவள் கடைசியாக இழுத்து வைத்த இடத்திலேயே இருக்கை இருந்தது. பதின்மூன்று நாள் அதில் மடங்கி உட்கார்ந்து ஓட்டியிருக்கிறார். நகர்த்தத் தோன்றவே இல்லை.

லாவெல் அடியில் கைவிட்டுக் கம்பியை இழுத்தான். இருக்கை ஒரே தள்ளில் கடைசிவரை பின்னால் போய் நின்றது.

கார்பிஸ் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டார். தாலின் ஓடி வந்தாள். "அப்பா! என்னப்பா பண்ணுது?"

"முட்டி வலிக்குதும்மா," என்றார் அழுதுகொண்டே. "ரொம்ப வலிக்குது."