மாவு அக்காவின் கப்சாய்

கார்புரேட்டரின் அடியில் இருந்த சின்னத் திருகைத் தாமரை தளர்த்திக்கொண்டிருந்தபோது, பந்தலுக்குள் அவள் அம்மா இராஜம்மாவின் தலையில் பெண்கள் வரிசையாக எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தார்கள். முதல் ஆளாகத் தாமரை வைத்துவிட்டு வெளியே வந்திருந்தாள். மூன்று மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. அதற்குள் அம்மாவின் கப்சாய், அந்தச் சின்ன மோட்டார்சைக்கிள், ஓடியாக வேண்டும்.

திருகு இளகியதும் மூன்று மாதமாகத் தேங்கியிருந்த பெட்ரோல் பழுப்பாக வழிந்தது. அது தெளியும்வரை விட்டுவிட்டு, திருகை முடுக்கி, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு உதைத்தாள். ஐந்தாவது உதையில் வண்டி பிடித்தது. பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு நிமிடம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் மூச்சு வாங்கியது, இருமியது, அணைந்தது. பெட்ரோல் தொட்டி நிறைய இருந்தும், காலியான வண்டி நிற்பதுபோலவே நின்றது.

இந்தச் சின்ன மோட்டாரில்தான் இராஜம்மா இருபத்தாறு வருஷம் கிள்ளான் முழுக்கத் தோசை மாவு கொண்டுபோய்க் கொடுத்தாள். பேரே மாவு அக்கா. தீபாவளி கழிந்த வாரத்தில் வண்டி நடுவழியில், பாலத்து ஏற்றத்தில் நிற்க ஆரம்பித்தது. பட்டறையில் இரண்டு தடவை பார்த்தும் சரியாகவில்லை. வண்டிக்கும் வயசாச்சு, உனக்கும் வயசாச்சு, பேசாமல் வீட்டில் இரு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். இருந்தாள். சும்மா இருப்பது அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நேற்றுக் காலை நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாள்.

தாமரைக்கு ஆத்திரம் அவர்கள் மேல் மட்டும் இல்லை. காஜாங்கில் கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் பம்புகளையும் வால்வுகளையும் பழுது பார்ப்பவள் அவள். அம்மா தொலைபேசியில் சொன்னபோதெல்லாம், பட்டறையில்தான் பார்த்தாயிற்றே என்று விட்டுவிட்டாள். சொந்த அம்மாவின் வண்டியை ஒரு தடவை குனிந்து பார்க்கவில்லை.

அம்மாவின் அண்ணன் தம்புசாமி வேட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார். இந்தக் குடும்பத்தில் கல்யாணமும் சாவும் அவர் சொன்னபடிதான் நடக்கும்.

“எந்திரிம்மா. இன்னிக்குப் போயி இத நோண்டிக்கிட்டு.”

“மின்சுடலைக்கு நானும் வரேன் மாமா. இதுலதான் வரேன்.”

“பொம்பளைங்க தெரு முனை வரைக்கும்தான். நான் வச்ச சட்டமா இது?”

“அப்பா போனப்ப அம்மாவ அங்கதான் நிறுத்துனீங்க. அன்னிக்கு ராத்திரியே என்கிட்ட சொல்லிட்டாங்க. எனக்கு நீ கடைசி வரைக்கும் வரணும்னு.”

மாமா வண்டியைப் பார்த்தார். “இது பாலத்தத் தாண்டாது லா. நடு ரோட்டுல நின்னு மானத்த வாங்கப் போற.”

தாமரையின் பயமும் அதுதான். பாதியில் நின்றுவிட்டால், வீட்டில் இருக்கச் சொன்னவர்கள் எல்லாரும் சொன்னது சரி என்றாகிவிடும். வாடகைக் கார் கூப்பிட எத்தனை நேரம் ஆகும்? ஆனால் சொந்த அம்மாவின் பின்னால் விருந்தாளி மாதிரி போக அவளுக்கு மனம் வரவில்லை. அவள் மறுபடி குனிந்தாள். மாமா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார்.

மாலையோடு வந்த பட்டறை வாசு, அதை வைத்துவிட்டுத் திரும்பும்போது வண்டியருகில் தயங்கி நின்றான். வண்டியில் என்னென்ன செய்து பார்த்தான் என்று தாமரை கேட்டாள். கார்புரேட்டரை இரண்டு தடவை கழற்றிக் கழுவினானாம். தொட்டிக்குப் பதிலாக ஒரு பாட்டிலில் பெட்ரோலைத் தொங்கவிட்டுப் பார்த்தானாம். பட்டறையில் அப்படி அரை மணி நேரம் ஓடியதாம், தொட்டியைத் திரும்ப மாட்டி ரோட்டுக்குப் போனால் நின்றதாம்.

“பாட்டில்ல ஓடுச்சா?” என்றாள் தாமரை. “அப்ப கார்புரேட்டர் என்ன பாவம் பண்ணுச்சு?”

வாசு பக்கத்தில் வந்து குந்தினான்.

அவள் அடித்திருகைத் திரும்பவும் திறந்து கீழே ஒரு டப்பாவை வைத்தாள். பெட்ரோல் முதலில் நூலாக ஓடியது. போகப் போக மெலிந்து, சொட்டாகி, நின்றது. சீட்டைத் தூக்கித் தொட்டியின் மூடியைத் திருகினாள். உஸ் என்று காற்று உள்ளே போனது. கீழே டப்பாவில் பெட்ரோல் மறுபடி ஓடும் சத்தம் கேட்டது. தொட்டிக்குள் காற்றுப் போக வழி இல்லாமல் பெட்ரோல் இறங்க மறுத்திருக்கிறது. இதே கோளாறைத் தொழிற்சாலையில் அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள்.

மூடியின் மேல்பக்கத்தைப் பார்த்தாள். நடுவில் காற்றுக்கென்று இருக்கும் ஊசித்துளையைக் காணோம். அந்த இடத்தில் வட்டமாகச் சந்தனம், அதன் மேல் குங்குமம். காய்ந்து கல்லாக இருந்தது.

ஆயுத பூஜைக்கு அவள்தான் காஜாங்கிலிருந்து வந்து வண்டியைக் கழுவினாள். கைப்பிடிக்கு, விளக்குக்கு, சக்கரத்துக்கு என்று பொட்டு வைத்துவிட்டு, சீட்டைத் தூக்கி இந்த மூடிக்கும் வைத்தாள். உள்ளே இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று அம்மா சிரித்தாள். அதனாலேயே இன்னும் கொஞ்சம் சந்தனத்தை அள்ளி விரலால் அழுத்தி வைத்தாள் தாமரை.

“நான்தான் அடைச்சிருக்கேன்,” என்றாள்.

வாசு மூடியை வாங்கிப் பார்த்தான். அவன் முகம் மாறியது. குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

“அக்கா, கழுவுறப்ப இத சொரண்டிடவான்னு அம்மாகிட்ட கேட்டேன். அது என் மக வச்சது, கை வைக்காதன்னு சொல்லிட்டாங்க.”

பந்தலுக்குள் தேவாரம் தொடங்கியது. தாமரை வண்டியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வந்ததிலிருந்து அவள் அழாததைப் பற்றிச் சில பேர் பேசியிருந்தார்கள். அவர்கள் யாரும் இப்போது பார்க்கவில்லை. கொஞ்ச நேரம்தான். அப்புறம் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ரவிக்கையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினாள். பொட்டை அவளும் சுரண்டவில்லை. அதன் நடுவில் ஊக்கின் முனையை வைத்துக் குத்திக் குடைந்தாள். சந்தனம் மஞ்சளாக உதிர்ந்தது. மூடியைத் தூக்கிப் பிடித்தபோது துளை வழியாக வெளிச்சம் தெரிந்தது.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். பெண்கள் தெரு முனையில் நின்றுவிட்டார்கள். சவ வண்டி திரும்பியது, பின்னால் கார்கள் திரும்பின. கடைசிக் காரில் ஏறப்போன மாமா, அம்மாவின் சிவப்பு ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு கப்சாயில் வரும் தாமரையைப் பார்த்துக் கையைக் குறுக்கே நீட்டினார். அவள் வேகத்தைக் குறைக்கவில்லை. கை தானாகவே இறங்கிக்கொண்டது.

கார்களை முந்திச் சவ வண்டியின் பின்னாலேயே போய்ச் சேர்ந்தாள். போக்குவரத்து விளக்கின் சிவப்பில் ஒரு காலை ஊன்றி நின்றபோது, உள்ளே அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி முகுந்தன் பின் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தான். பச்சை விழுந்தது. பாலத்தின் ஏற்றத்தில் அம்மாவின் வண்டி எப்போதும் நிற்கும் இடம் வந்தது. தாமரை கைப்பிடியை இன்னும் கொஞ்சம் முறுக்கினாள். வண்டி சத்தம் போட்டுக்கொண்டே ஏறி இறங்கியது.

மின்சுடலையில் வண்டியை வாசலுக்கு நேராக நிறுத்திவிட்டு உள்ளே போனாள். ஆண்கள் விலகவும் இல்லை, தடுக்கவும் இல்லை. தோளால் வழி பண்ணிக்கொண்டு போய் அம்மாவின் தலைமாட்டில் நின்றாள். வாய்க்கரிசித் தட்டு முகுந்தன் கையில் இருந்தது. அவன் மாமாவைப் பார்க்காமல் தட்டை அக்காவிடம் நீட்டினான்.

“கையெல்லாம் பெட்ரோல் வாடை,” என்றார் மாமா. “கழுவிட்டாவது வா.”

“அம்மாவுக்குத் தெரிஞ்ச வாடைதான் மாமா.”

தட்டிலிருந்து ஒரு பிடி அரிசியை எடுத்துக் குனிந்தாள். அவள் நகக்கண்களில் மஞ்சளாகச் சந்தனம் ஒட்டியிருந்தது.