ஒழுகாத தொட்டி

ஊரில் எந்த வீட்டுக் குழாய் ஒழுகினாலும் போய் நிறுத்திவிட்டு வருகிற குழாய்க்காரருக்கு, சொந்த வீட்டில் ஒரு செடி தலையைத் தொங்கப்போட்டதும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெரிய தோட்டமெல்லாம் கிடையாது. டிவி மேசையில் ஒரு சின்ன மண்தொட்டி, அதில் கொழுகொழு இலைகளோடு ஒரு சக்குலன்ட் செடி. மனைவி தன் அக்காவின் ஆபரேஷனுக்குத் துணையாகக் கிளம்பியபோது அவர் பொறுப்பில் விட்டுப்போனது.

சும்மா விட்டுப்போயிருந்தால் பரவாயில்லை, நிபந்தனை போட்டுவிட்டல்லவா போனாள்! எல்லாம் ஒரு நாய்க்குட்டியால் வந்தது. ஒரு வீட்டில் சிங்க்குக்கு அடியில் படுத்து அவர் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, அது தத்தித் தத்தி வந்து அவருடைய கருவிப் பைக்குள் ஏறி, ஸ்பேனர் மேல் தலையை வைத்துத் தூங்கிவிட்டது. மனுஷன் அங்கேயே கவிழ்ந்துவிட்டார். பிள்ளைகள் வேலைக்கென்று வெளியூர் போனதிலிருந்து, சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வாசலுக்கு ஓடி வர ஒரு உயிர் இல்லையே என்று அவருக்கு ஏக்கம். மனைவி ஓடி வர மாட்டாள். பால் வாங்கினீர்களா என்று உள்ளேயிருந்தே கேட்பாள்.

"உங்களை நம்பித்தான் மீன் வளர்த்தோம். தண்ணி அழுக்கா இருக்குன்னு குழாயைத் திறந்துவிட்டு அத்தனையையும் மேலே அனுப்பினீங்க. முதல்ல இந்தச் செடியை நான் வர்ற வரைக்கும் உயிரோட வச்சிருங்க. அப்புறம் நாயைப் பத்திப் பேசுங்க" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். நாய்க்குட்டி வீட்டு அம்மாவும் அதுவரை குட்டியை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

ஆரம்பத்தில் செடி ஜோராகத்தான் இருந்தது. பிறகு கீழ் இலைகள் மஞ்சளடித்தன. ஒவ்வொன்றாகத் தொங்கின. தாகம்போல என்று ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினார். இன்னும் தொங்கியது. பாவம், ரொம்பத் தாகம்போல என்று ஒரு சொம்பு ஊற்றினார். இலையைத் தொட்டுப் பார்த்தால் வெந்த வெங்காயம் மாதிரி கொழகொழவென்று கையோடு வந்தது. மனைவி போனில் கேட்கும்போதெல்லாம், "செடிக்கென்ன, ஜம்முனு இருக்கு" என்று பொய்யை அள்ளி விட்டார்.

மச்சானைக் கூப்பிட்டார். மனைவியின் தம்பி. உலகத்தில் அவனுக்குத் தெரியாத விஷயம் இல்லை, உருப்படியாகத் தெரிந்ததும் எதுவும் இல்லை.

"வெயில் பத்தல மாமா" என்றான். வெயிலில் வைத்தார்கள். இன்னும் ரெண்டு இலை விழுந்தது. "வெயில் ஜாஸ்தியாயிடுச்சு மாமா" என்றான்.

"டேய், நீ செடியைப் பார்த்துச் சொல்றியா, என் முகத்தைப் பார்த்துச் சொல்றியா?"

"கோவிச்சுக்காதீங்க. பேசாம இதே மாதிரி ஒண்ணு வாங்கி வச்சிடலாம். அக்காவுக்கு எங்கே தெரியப்போகுது?"

குழாய்க்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுச் செடிக்கு எதிரே உட்கார்ந்தார். இத்தனை வருஷத் தொழில் புத்தி அப்போதுதான் கண்விழித்தது. தண்ணீர் உள்ளே போகிறது. சரி. எந்த வழியாக வெளியே வருகிறது? மேசையில் ஒரு சொட்டு ஈரம் இல்லையே! தொட்டியைத் தூக்கி அடியைப் பார்த்தார். நடுவில் இருக்க வேண்டிய ஓட்டை, கல் மாதிரி இறுகிய பசையால் மொழுமொழுவென்று அடைபட்டிருந்தது.

"எந்த மடப்பயல்டா செடித் தொட்டி ஓட்டையை அடைச்சு வித்தவன்? தண்ணி எப்படிடா வடியும்? வேர் அழுகாம என்ன செய்யும்?" என்று கத்தினார். கத்திக்கொண்டே விரலால் தடவிப் பார்த்தார். "வேலையை மட்டும் சுத்தமா செஞ்சிருக்கான், கழுதை. பிசிறே இல்ல பாரு. ஓரத்துல கட்டைவிரலால ஒரு இழுப்பு இழுத்து விட்டிருக்கான், நம்மள மாதிரியே..."

பாதியில் வாய் நின்றது. ஓரத்தில் அழுந்தியிருந்த தடத்தில் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். அச்சாகப் பொருந்தியது.

மனைவி ஊருக்குப் போன மறுநாள், செடிக்கு ஊற்றிய தண்ணீர் டிவி மேசையில் கசிந்து நின்றது ஞாபகம் வந்தது. அவர் போனில் யாரோ வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டிருக்க, கை பாட்டுக்குப் பசையைப் பிசைந்து அப்பிவிட்டது. ஒழுகலைக் கண்டால் அந்தக் கை யாரையும் கேட்காது. மச்சான் சோபாவில் விழுந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவர் சிரிக்கிற நிலையில் இல்லை.

உளியால் பசையைத் தட்டி எடுத்தார். கறுப்புத் தண்ணீர் கொடகொடவென்று கொட்டியது, நாற்றம் வேறு. செடியைப் பிடுங்கி அழுகிய வேரையெல்லாம் வெட்டினார். தப்பிப் பிழைத்தது ஒரு குட்டைத் தண்டும் நாலு இலையும்தான். அதை நிழலில் காயப்போட்டு, வெட்டிய இடம் காய்ந்த பிறகு, பெருமணல் கலந்த மண்ணில் நட்டு வெளிச்சமான ஜன்னலில் வைத்தார். தண்ணீர் ஊற்றவில்லை. தொழிலில் சேர்ந்த நாளிலிருந்து அவர் பட்ட கஷ்டத்திலேயே பெரிய கஷ்டம் அந்தச் சொம்பைத் தொடாமல் இருந்ததுதான்.

மனைவி வருகிற அன்று அவருக்குத் தைரியம் போய்விட்டது. நாலு இலைச் செடியைக் காட்டினால் நாய் எங்கே கிடைக்கும்? மச்சான் வாங்கி வந்த கொழுத்த செடியை டிவி மேசையில் வைத்துவிட்டு, நிஜத்தைக் குளியலறை ஜன்னலில் ஒளித்தார்.

அவள் பெட்டியைக் கீழே வைக்கக்கூட இல்லை.

"இது யாரு?" என்றாள்.

"நம்ம செடிதான்."

"என் செடி எங்கேங்க?"

திருதிருவென்று முழித்தார். வேறு வழியில்லாமல் குளியலறைக்குப் போய் எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தார். "தொட்டி ஒழுகுச்சு. அடைச்சிட்டேன்."

"செடித் தொட்டியையா?"

"கை பழக்கம்."

அவள் அவரையே பார்த்தாள். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். செடியின் நடுவில் கடுகளவு புதுத் துளிர் ஒன்று விறைப்பாக நின்றது. அதை விரல் நுனியால் தொட்டாள்.

"புதுசுதான் வாங்கியாச்சே. இதை ஏன் தூக்கிப் போடல?"

"உயிர் இருந்துச்சே" என்றார். "எப்படிப் போட மனசு வரும்?"

அவள் புதுச் செடியை நகர்த்திவிட்டு, பழையதை அதன் இடத்தில் வைத்தாள்.

"நாய்க்குட்டி வந்தா வீடு பூரா ஒழுகும்" என்றாள். "துடைக்கணும். எந்த ஓட்டையையும் அடைக்கக் கூடாது. கேட்டுச்சா?"

பதில் சொல்ல ஆள் அங்கே இல்லை. வாசலில் ஒரு கால் செருப்பை மாட்டிக்கொண்டு மற்றதைத் தேடிக்கொண்டிருந்தார்.